நாள் குறிக்கப்பட்ட வருகை

கிறிஸ்தவத்தின் பெரும்பிரிவுகள் அனைத்தும் வேறுபாடின்றி ஏற்கும் கோட்பாடுகள் மிகச் சிலவே. பரமேறிய இயேசு கிறிஸ்து உலகத்தின் முடிவில் மகிமையோடு திரும்பி வந்து, உயிரோடிருப்போர், இறந்தோர் என எல்லோருக்கும் நியாயத்தீர்ப்பு வழங்குவார் என்பது அந்தச் சிலவற்றுள் ஒன்று. 325இல் நிசேயா நகரில் கூடிய ஆயர்களின் சங்கம் இதைத் தன் விசுவாசப் பிரமாணத்தில், அதாவது கிறிஸ்தவர்கள் நம்புவது இன்னதென்று சுருக்கிக் கூறும் அறிக்கையில், சேர்த்துக்கொண்டது. 381இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய சங்கம், அவருடைய அரசுக்கு முடிவே இல்லை என்ற கருத்தையும் அதனுடன் இணைத்தது. கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ் சபையார், லுத்தரன்கள், சி.எஸ்.ஐ. மக்கள் என ஒருவரோடொருவர் பல செய்திகளில் உடன்படாதவர்களும் ஆராதனையில் எழுந்து நின்று இந்த ஒன்றை ஒரே குரலில் அறிக்கையிடுகிறார்கள்.

ஆயினும் அந்த வருகை எப்போது நிகழும், அதற்கு முன் எவை நிகழ வேண்டும், வந்த பின் என்ன நடக்கும் என்ற வினாக்கள் எழுந்தவுடன் அந்த ஒற்றுமை குலைந்துவிடுகிறது. நாளையும் நாழிகையையும் வானதூதர்களோ குமாரனோகூட அறியார்கள், பிதா ஒருவரே அறிவார் என்று இயேசு கூறியதாக மாற்கு நற்செய்தியின் 13ஆம் அதிகாரமும் மத்தேயு நற்செய்தியின் 24ஆம் அதிகாரமும் பதிவு செய்துள்ளன. அதே அதிகாரங்கள்தாம் போர், பஞ்சம், நிலநடுக்கம், சூரியன் இருளடைதல் முதலிய அடையாளங்களையும் வரிசைப்படுத்துகின்றன. நாளைத் தேடாதே என்ற எச்சரிக்கையும், அடையாளங்களைக் கவனி என்ற கட்டளையும் ஒரே பக்கத்தில் அருகருகே நிற்பதால், இரண்டில் எதன்மேல் விரலை வைப்பது என்பதே இரண்டாயிரம் ஆண்டுகளாக நடந்துவரும் வழக்காக இருக்கிறது. இந்த வழக்கின் வரலாற்றைப் பார்த்தால், வருகையைப் பற்றிய போதனையைக் காட்டிலும் வருகையின் தாமதமே சபைகளை உருவாக்கியும் உடைத்தும் வந்துள்ளது என்று சொல்லத் தோன்றுகிறது.

தாமதத்தின் முதல் கேள்வி

தாமதம் முதன்முதலாகச் சிக்கலாக உருவெடுத்த இடம், இன்றைய கிரீஸ் நாட்டின் வடபகுதியிலுள்ள தெசலோனிக்கே நகரம். அங்கிருந்த சிறு சபைக்கு ஏறத்தாழ கி.பி. 50இல் பவுல் எழுதிய முதல் கடிதம், புதிய ஏற்பாட்டில் இடம்பெறும் நூல்களுள் மிகப் பழையது என்று பெரும்பாலான அறிஞர்கள் கருதுகிறார்கள். தங்கள் காலத்திலேயே கிறிஸ்து வந்துவிடுவார் என்று நம்பியிருந்த அச்சபையில் சிலர் இறந்துபோகவே, வருகைக்கு முன் இறந்தவர்களின் கதி என்ன என்ற கலக்கம் எழுந்தது. இறந்தவர்கள் நித்திரை செய்கிறார்கள். வருகையின்போது அவர்கள் முதலில் எழுவார்கள். பின்பு உயிரோடிருப்போர் அவர்களுடன் சேர்ந்து மேகங்களில் எடுத்துக்கொள்ளப்படுவார்கள் என்பது பவுல் அளித்த மறுமொழியின் சாரம். தமிழ்நாட்டுத் தெருக்களில் ஒட்டப்படும் கிறிஸ்தவக் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளில் ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்று காணப்படுவது அந்தக் கடிதத்தின் நேரடி வழித்தோன்றலேயாகும். அதே சபைக்கு எழுதப்பட்ட இரண்டாம் கடிதத்திலோ, வேலை செய்யாமல் திரிந்துகொண்டிருந்தவர்கள் கண்டிக்கப்படுகிறார்கள். எதிர்பார்ப்பு முற்றினால் ஏர் நின்றுவிடும் என்பது அப்போதே தெரிந்திருந்தது போலும்.

புதிய ஏற்பாட்டின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷம், கத்தோலிக்கர் திருவெளிப்பாடு என்றழைக்கும் நூல், தன் 20ஆம் அதிகாரத்தில் சாத்தான் கட்டப்பட்டிருக்கும் ஆயிரம் ஆண்டுகளைப் பற்றிப் பேசுகிறது. இந்த ஆயிர வருட அரசாட்சியை எழுத்துக்கு எழுத்து அப்படியே எடுத்துக்கொண்டு, கிறிஸ்து வந்த பிறகு இதே மண்ணில் அது நடைபெறும் என்று இரண்டாம் நூற்றாண்டின் ஐரேனியஸ், ஜஸ்டின் முதலிய ஆசிரியர்கள் நம்பினார்கள். அதே நூற்றாண்டில் சிறிய ஆசியாவின் பிரிகியா பகுதியில் மொன்டானுஸ் என்பவர் தோற்றுவித்த இயக்கமோ, புதிய எருசலேம் தங்கள் ஊர்ப்பக்கமாகிய பெப்புசாவில் இறங்கப்போகிறது என்று அறிவித்துத் திருச்சபையின் தலைமையைத் திகைக்க வைத்தது.

இந்தப் போக்குக்கு அறிவார்ந்த தடுப்பணை கட்டியவர் வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர் ஆயரான அகுஸ்தீன். 410இல் ரோம் நகரம் கோத்தியரால் சூறையாடப்பட்டபோது உலகமே முடிந்தது என்று பலர் அலறிய சூழலில் அவர் எழுதத் தொடங்கிய ‘கடவுளின் நகரம்’ என்ற பெருநூலின் 20ஆம் புத்தகத்தில், ஆயிரம் ஆண்டு என்பது காலண்டரில் எண்ணும் ஆண்டுக் கணக்கன்று, கிறிஸ்துவின் முதல் வருகை தொடங்கி இறுதி வரையில் நீளும் திருச்சபையின் காலமே அது என்று விளக்கினார். கத்தோலிக்கத் திருச்சபை இன்றும் பெரிதும் இவ்வழியையே பின்பற்றுகிறது. 1992இல் வெளியிடப்பட்ட அதன் மறைக்கல்வி நூல், வரலாற்றுக்குள்ளேயே ஒரு பொற்கால ஆட்சி அமையும் என்ற எதிர்பார்ப்பை வெளிப்படையாக நிராகரிக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட திருவருகைக் காலத்தின் முற்பகுதி இரண்டாம் வருகையையே தியானப் பொருளாகக் கொண்டது என்பதைக் குடில் கட்டும் பரபரப்பில் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அகுஸ்தீனின் அணை ஓராயிரம் ஆண்டு தாங்கியது என்றாலும் கசிவு இல்லாமல் இருந்ததில்லை. இத்தாலியத் துறவி ஃபியோரே ஜோவாக்கிமின் சீடர்கள் 1260ஐ எதிர்நோக்கினார்கள். 1534இல் ஜெர்மனியின் முன்ஸ்டர் நகரைக் கைப்பற்றிய தீவிர அனபாப்திஸ்துகள் அதைப் புதிய எருசலேம் என்று அறிவித்து, மறு ஆண்டில் இரத்தத்தில் முடிந்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் மதிப்புமிக்க ஜெர்மானிய விவிலிய அறிஞரான பெங்கல்கூட 1836 என்ற ஆண்டைக் கணித்து வைத்தார். ஆனால் கணக்கு என்பது எளிய விவசாயியின் கைக்கு வந்து, அச்சு இயந்திரத்தின் வழியே பல்லாயிரம் வீடுகளுக்குள் நுழைந்தது 19ஆம் நூற்றாண்டின் அமெரிக்காவில்தான்.

லோ ஹாம்ப்டன் விவசாயியின் கணக்கு

வில்லியம் மில்லர் 1782இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிட்ஸ்ஃபீல்டில் பிறந்து, நியூயார்க் மாநிலத்தின் எல்லையோரச் சிற்றூரான லோ ஹாம்ப்டனில் வளர்ந்தவர். இளமையில் அவர் கடவுள் உலகைப் படைத்துவிட்டு விலகிக்கொண்டார் என்று கருதும் தெய்விகவாதத்தைத் தழுவியிருந்தார். 1812இல் பிரிட்டனுக்கு எதிராகத் தொடங்கிய போரில் படைத்தலைவராகச் சேர்ந்து 1814இல் பிளாட்ஸ்பர்க் சண்டையைக் கண்டார். படையை விட்டுத் திரும்பியபின், 1816இல் பாப்திஸ்து விசுவாசத்துக்கு மனம் திரும்பிய அவர், பழைய நண்பர்களின் ஏளனத்துக்கு விடையளிக்கும் பொருட்டு, வேதாகமத்தையும் அதன் சொல்லடைவு ஒன்றையும் மட்டும் வைத்துக்கொண்டு, ஆதியாகமம் முதல் வசனம் வசனமாக ஆராயத் தொடங்கினார். இரண்டு ஆண்டுகளில், அதாவது 1818இல், ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளில் உலகம் முடிவுக்கு வரும் என்ற முடிவுக்கு அவர் வந்துசேர்ந்தார்.

அந்தக் கணக்கைச் சற்று நெருங்கிப் பார்ப்பது தகும். ஏனெனில் பிற்காலத்தில் தோன்றிய பெரும்பாலான கணக்குகளின் இயங்குமுறை இதில் அடங்கியிருக்கிறது. தானியேல் நூலின் 8ஆம் அதிகாரத்தில், 2300 நாட்கள் கழிந்தபின் பரிசுத்த ஸ்தலம் சுத்திகரிக்கப்படும் என்ற தரிசனம் வருகிறது. தீர்க்கதரிசனத்தில் ஒரு நாள் ஓர் ஆண்டைக் குறிக்கும் என்பது எண்ணாகமத்திலும் எசேக்கியேலிலும் உள்ள இரு வசனங்களிலிருந்து பெறப்பட்ட விதி. இது மில்லர் கண்டுபிடித்ததன்று, புராட்டஸ்டண்டு உரைகாரர்கள் பலர் கையாண்டு பழகியது. எனவே 2300 நாட்கள் 2300 ஆண்டுகளாகின்றன. தொடக்கத்தை எங்கே வைப்பது? அடுத்த அதிகாரத்தில் கூறப்படும் எழுபது வாரங்கள், அதாவது 490 நாட்கள், எருசலேமைத் திரும்பக் கட்டுவதற்கான கட்டளையிலிருந்து தொடங்குகின்றன. இரண்டும் ஒரே புள்ளியில் தொடங்குகின்றன என்று மில்லர் கொண்டார். பாரசீக அரசன் அர்தசஷ்டா தன் ஏழாம் ஆண்டில் எஸ்றாவுக்கு அளித்த ஆணையின் காலம் கி.மு. 457 என்பது அவர் ஏற்ற கணிப்பு. 2300இலிருந்து 457ஐக் கழித்தால் 1843. ‘பரிசுத்த ஸ்தலம்’ என்பது பூமி என்றும், ‘சுத்திகரிப்பு’ என்பது கிறிஸ்துவின் வருகையில் அது நெருப்பால் தூய்மையாக்கப்படுவது என்றும் வைத்துக்கொண்டால் கணக்கு முடிந்தது.

ஒவ்வொரு படியும் தனித்தனியே பார்க்கும்போது ஏற்கத்தக்கதாகவே தோன்றும் என்பதுதான் இந்தக் கணக்கின் வலிமை. கழித்தலில் பிழை இல்லை. பிழை இருக்குமானால் அது கழிப்பதற்கு முன்னமே எடுத்துக்கொண்ட அனுமானங்களில் இருந்தது. மில்லரை ஏளனம் செய்தவர்கள் இதை அறியாமல் அவரைப் பித்தர் என்றார்கள். அவரோ பொறுமைசாலி, சமநிலையாளர், பதின்மூன்று ஆண்டுகள் தன் முடிவைப் பொதுமேடை எதிலும் பேசாமல் திரும்பத் திரும்பச் சரிபார்த்துக்கொண்டிருந்தவர். 1831 ஆகஸ்டில் பக்கத்து ஊரான டிரெஸ்டனில் முதன்முதலாகப் பேச அழைக்கப்பட்டபோதுதான் அவர் வாய் திறந்தார்.

இயக்கமாக அதை மாற்றியவர் பாஸ்டன் நகரப் போதகர் ஜோஷுவா ஹைம்ஸ். 1840இல் அவர் தொடங்கிய ‘காலத்தின் அடையாளங்கள்’ என்ற இதழும், அதைத் தொடர்ந்து நியூயார்க்கில் வெளிவந்த ‘நள்ளிரவுக் கூக்குரல்’ என்ற இதழும் மில்லரின் சொற்பொழிவுகளை நாடெங்கும் கொண்டு சென்றன. ஆயிரக்கணக்கானோர் அமரக்கூடிய பெரிய கூடாரம் ஊர் ஊராக எடுத்துச் செல்லப்பட்டது. தானியேல் கண்ட சிலையும், கொம்புகளுடைய மிருகங்களும், அருகே ஆண்டுக் கணக்கும் வரையப்பட்ட துணிப்படம் 1842இல் அச்சிடப்பட்டு மேடைகளில் தொங்கவிடப்பட்டது. எண்களைத் தாமே கூட்டிப் பார்க்கத் தெரிந்த பொது மக்களுக்கு இது பேராசிரியர்களின் உரையைவிட நம்பத்தக்கதாக இருந்தது. 1780 மே 19 அன்று நியூ இங்கிலாந்து பகுதியில் நண்பகலில் இருள் கவிந்ததும் (காட்டுத்தீயின் புகையே அதற்குக் காரணம் என்று இன்று அறியப்படுகிறது), 1833 நவம்பரில் விண்கற்கள் மழையாகப் பொழிந்ததும் முதியோர் நினைவிலிருந்து எடுத்து மேடையில் வைக்கப்பட்டன. மில்லரைப் பின்பற்றியோர் தொகை ஐம்பதாயிரம் முதல் ஒரு லட்சம் வரை இருக்கலாம் என்பது பொதுவாகக் கூறப்படும் மதிப்பீடு.

மில்லர் நாள் குறிக்க விரும்பியவர் அல்லர். வற்புறுத்தலுக்குப் பிறகே, யூத ஆண்டுக் கணக்கின்படி 1843 மார்ச் 21க்கும் 1844 மார்ச் 21க்கும் இடைப்பட்ட காலம் என்று எல்லை வகுத்தார். அந்த எல்லை கடந்தது, ஒன்றும் நிகழவில்லை. இயக்கம் அப்போதே கரைந்திருக்கலாம். ஆனால் 1844 ஆகஸ்டில் நியூ ஹாம்ப்ஷயரின் எக்ஸெட்டரில் நடந்த முகாம் கூட்டத்தில் சாமுவேல் ஸ்நோ என்பவர் புதியதொரு வாதத்தை முன்வைத்தார். பஸ்கா முதலிய வசந்தகால யூதப் பண்டிகைகள் கிறிஸ்துவின் முதல் வருகையில் அந்தந்த நாளிலேயே நிறைவேறின. ஆகவே இலையுதிர்காலப் பண்டிகையாகிய பாவநிவாரண நாள், ஏழாம் மாதத்தின் பத்தாம் நாள், இரண்டாம் வருகையில் நிறைவேற வேண்டும். யூதருள் காரைட் என்ற பிரிவினரின் பழைய நாட்காட்டிப்படி அது அவ்வாண்டு அக்டோபர் 22 என்றார் அவர். கி.மு.வுக்கும் கி.பி.க்கும் இடையே பூஜ்ய ஆண்டு இல்லாததால் 1843 என்பது உண்மையில் 1844 ஆக வேண்டும் என்ற திருத்தமும் கைகொடுத்தது. ‘நாளையும் நாழிகையையும் அறியார்’ என்ற எச்சரிக்கையை அதுவரை மதித்துவந்த இயக்கம், இரண்டே மாதத்தில் ஒரு குறிப்பிட்ட செவ்வாய்க்கிழமையின்மேல் தன்னைக் கட்டிவைத்தது. மில்லரும் அக்டோபர் தொடக்கத்தில்தான் அந்த நாளை ஏற்றார். அடிமட்டத்து உணர்ச்சி தலைவரை இழுத்துச் சென்றது என்பதே சரி.

கடைகள் அடைக்கப்பட்டன, கடன்கள் தீர்க்கப்பட்டன, பகைகள் மன்னிப்புக் கேட்டு முடிக்கப்பட்டன. நியூ ஹாம்ப்ஷயரில் விவசாயி ஒருவர், தோண்டி எடுப்பது விசுவாசக் குறைவாகும் என்று தன் நிலத்து உருளைக்கிழங்கை மண்ணிலேயே விட்டுவைத்தார் என்றும், அவ்வாண்டு முன்கூட்டியே தோண்டியவர்களின் கிழங்கு நோயால் அழுகிப்போக, பின்னர் எடுக்கப்பட்ட அவருடைய கிழங்கு நல்ல விலைக்குப் போயிற்று என்றும் மில்லர் இயக்கத்தின் வழிவந்தோரிடையே ஒரு கதை வழங்குகிறது. வெள்ளை அங்கி அணிந்து மலையுச்சிகளில் நின்றார்கள் என்ற பரவலான கேலிக் கதைக்கோ ஆதாரம் இல்லை என்பதை 1944இல் ஃபிரான்சிஸ் நிக்கோல் விரிவாக நிறுவினார். ஆயினும் உருளைக்கிழங்கைவிட அங்கியே பொதுநினைவில் நிலைத்துவிட்டது.

மறுநாள் காலையில்

அக்டோபர் 23 காலையில் சூரியன் வழக்கம்போல் உதித்தது. பின்னாளில் ‘பெரும் ஏமாற்றம்’ என்று பெயர் பெற்ற அந்த விடியலில் நியூயார்க் மாநிலத்தின் போர்ட் கிப்சனில் விவசாயியான ஹைரம் எட்சன், இரவெல்லாம் அழுது தீர்த்த தோழர்களுடன் ஜெபித்துவிட்டு, பக்கத்து வீட்டாரைத் தேற்றப் போகும் வழியில் சோளக் கொல்லையைக் கடக்கும்போது ஒரு புதிய எண்ணம் தமக்கு உதித்ததாகப் பிற்காலத்தில் எழுதி வைத்தார். நாள் தவறவில்லை, நிகழ்ச்சிதான் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது; சுத்திகரிக்கப்பட வேண்டிய பரிசுத்த ஸ்தலம் பூமியில் இல்லை, பரலோகத்தில் உள்ளது; கிறிஸ்து அன்று பூமிக்கு வருவதற்குப் பதில் பரலோக ஆலயத்தின் உட்பகுதிக்குள் நுழைந்தார் என்பது அந்த எண்ணம். மனிதர்களின் வாழ்வேடுகள் அங்கே ஆராயப்படுவதாகக் கூறும் ‘விசாரணை நியாயத்தீர்ப்பு’ என்ற கோட்பாடு இதிலிருந்து வளர்ந்தது.

1954இல் அமெரிக்காவில் உலக முடிவை எதிர்பார்த்த ஒரு சிறு குழுவை ஆராய்ந்து 1956இல் லியோன் ஃபெஸ்டிங்கரும் அவர் துணைவர்களும் வெளியிட்ட புகழ்பெற்ற நூல், மில்லர் இயக்கத்தையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு, எதிர்பார்ப்பு பொய்த்தால் நம்பிக்கையாளர்கள் தளர்வதற்குப் பதில் மேலும் தீவிரமாகப் பரப்புகிறார்கள் என்று வாதிட்டது. கவர்ச்சியான கோட்பாடுதான், ஆனால் 1844க்கு அது அரைகுறையாகவே பொருந்துகிறது. பெரும்பாலோர் வெட்கத்தோடு பழைய சபைக்குத் திரும்பினார்கள் அல்லது எச்சபையும் வேண்டாமென்று விலகினார்கள். மில்லர் தம் பிழையை ஒப்புக்கொண்டார். வருகை அண்மையில் உண்டு என்ற நம்பிக்கையை மட்டும் விடாமல் 1849இல் இறந்தார். எட்சனின் விளக்கத்தை ஏற்றவர்கள் தொடக்கத்தில் ஒரு கைப்பிடி அளவினரே.

அந்தக் கைப்பிடியோடு, மேய்ன் மாநிலத்தின் போர்ட்லாந்தில் 1844 டிசம்பரில் தமது பதினேழாம் வயதில் தரிசனம் கண்ட எல்லன் ஹார்மன், பின்னாளில் எல்லன் ஒயிட், சேர்ந்தார்; ஓய்வுபெற்ற கப்பல் தலைவரான ஜோசப் பேட்ஸ் சனிக்கிழமை ஓய்வுநாள் போதனையைக் கொண்டுவந்தார். 1863இல் ஏழாம் நாள் அட்வெந்து சபை என்று முறைப்படி அமைந்தபோது உறுப்பினர் 3,500 பேர். இன்று உலகெங்கும் இரண்டு கோடிக்கு மேல். வருகை மிக அண்மையில் என்று நம்பும் ஒரு சபை மருத்துவமனைகளையும் பல்கலைக்கழகங்களையும் நூற்றாண்டு நோக்கோடு கட்டியெழுப்பியது முரணாகத் தோன்றலாம். தாமதம் எப்படிப்பட்ட கட்டடக்காரன் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று இல்லை. 1980இல் ஆஸ்திரேலிய இறையியலாளர் டெஸ்மண்ட் ஃபோர்டு விசாரணை நியாயத்தீர்ப்புக்கு விவிலிய ஆதாரம் இல்லை என்று வாதிட்டபோது அவருடைய போதகர் தகுதி பறிக்கப்பட்டது. அந்த அக்டோபர் நாளைத் தொட்டால் அடித்தளம் ஆடும் என்பதைச் சபை அறிந்தே இருந்தது. மில்லர் மரபின் மற்றொரு கிளையோடு தொடர்பு கொண்டிருந்த சார்லஸ் டேஸ் ரசல், கிறிஸ்து 1874 முதலே கண்ணுக்குத் தெரியாமல் வந்திருக்கிறார் என்று போதித்து 1914ஐ நோக்கினார். 1931இல் யெகோவாவின் சாட்சிகள் என்று பெயர் சூட்டிக்கொண்டவர்கள் அவர் வழியினரே.

இரகசிய வருகை

தமிழ்ப் பெந்தெகொஸ்தே மேடைகளில் இன்று மிகுதியும் கேட்கப்படுவது மில்லரின் கணக்கன்று. அயர்லாந்தில் ஆங்கிலிக்கன் குருவாயிருந்து விலகிய ஜான் நெல்சன் டார்பி 1830களில் வகுத்த வரைபடமே. வருகை இரு கட்டங்களாக நிகழும்; முதலில் கிறிஸ்து ஆகாயம் மட்டும் வந்து தம் மணவாட்டியாகிய சபையை எடுத்துக்கொள்வார், இதுவே இரகசிய வருகை; அடுத்து ஏழு ஆண்டு உபத்திரவ காலத்தில் அந்திக்கிறிஸ்து ஆளுவான்; அதன் முடிவில் கிறிஸ்து பகிரங்கமாகப் பூமியில் இறங்கி ஆயிரம் ஆண்டு அரசாளுவார் என்பது அதன் வரிசை. 19ஆம் நூற்றாண்டுக்கு முன் எந்தப் பெரிய திருச்சபையின் போதனையிலும் இவ்வடிவில் காணப்படாத இந்த வரிசையைத் தொன்மையான நம்பிக்கை என்று எண்ணச் செய்தது ஒரு புத்தக வடிவமைப்பு. 1909இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட ஸ்கோஃபீல்டு வேதாகமத்தில் டார்பி வழிக் குறிப்புகள் வேதவசனங்களுக்கு அடியில் அதே பக்கத்தில் அச்சிடப்பட்டன. வசனம் எது, குறிப்பு எது என்ற வேறுபாடு வாசகர் மனத்தில் காலப்போக்கில் மங்கிவிட்டது. 1948இல் இஸ்ரேல் நாடு தோன்றியதும் அந்தக் குறிப்புகளுக்குச் செய்தித்தாளே உரை எழுதத் தொடங்கிற்று. 1970இல் வெளிவந்த ஹால் லிண்ட்சேயின் நூல் கோடிக்கணக்கில் விற்று, 1948ஐ அடுத்த ஒரு தலைமுறைக்குள், அதாவது ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குள், எல்லாம் முடியலாம் என்று சுட்டியது. 1988 அமைதியாகக் கடந்தது.

மில்லர் முறையோடு ஒப்பிட்டால் டார்பி முறைக்கு ஒரு பெரும் வசதி உண்டு. இரகசிய வருகை எந்தக் கணத்திலும் நிகழலாம் என்பதால் அதற்கு நாள் குறிக்கத் தேவையில்லை. நாள் இல்லாததால் பொய்ப்பதும் இல்லை. அதே நேரத்தில் அவசரம் மட்டும் குறையாமல் நீடிக்கிறது. இதன் விலையைப் பெரிதும் கொடுப்பவர்கள் குழந்தைகள். பள்ளி விட்டு வந்து வீட்டில் ஆளில்லாதது கண்டு, தான் மட்டும் கைவிடப்பட்டோமோ என்று நடுங்கிய நினைவு இத்தகைய சபைகளில் வளர்ந்த பலருக்கும் பொதுவானது.

தென்கோடியில்

இவ்விரு நீரோட்டங்களும் தமிழ் மண்ணைத் தொட்ட இடங்கள் துல்லியமாகத் தெரிகின்றன. திருநெல்வேலிச் சீமையின் நாசரேத் வட்டாரத்தில் சட்டாம்பிள்ளை என்று அறியப்பட்ட அருமைநாயகம், மிஷனரிகளோடு ஏற்பட்ட பிணக்கால் 1857இல் பிரிந்து, வெளிநாட்டுப் பணமும் வெளிநாட்டுத் தலைமையும் வேண்டாத ஒரு சபையை நிறுவினார். இந்து கிறிஸ்தவ சபை என்று அழைக்கப்பட்ட அது, பழைய ஏற்பாட்டு முறைகளைத் தழுவிச் சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரித்தது. அமெரிக்காவில் என்ன நடந்ததென்று அறியாமல், தாமே வேதத்தைப் படித்து அங்கே வந்துசேர்ந்தவர்கள் அவர்கள். சனிக்கிழமை ஆசரிக்கும் கிறிஸ்தவர்கள் திருநெல்வேலிச் சீமையில் உண்டு என்ற செய்தி எட்டியதும் அட்வெந்து ஊழியர்கள் தேடி வந்தார்கள், 1908இல் ஜே.எஸ். ஜேம்ஸ் குடும்பத்தோடு பிரகாசபுரத்தில் குடியேறினார். போர்ட் கிப்சன் சோளக் கொல்லையில் தோன்றிய விளக்கம் பனங்காடுகளுக்கு நடுவே வந்து சேர்ந்தது இவ்வாறுதான்.

டார்பியின் வட்டத்தோடு உறவுடைய பிரதரன் இயக்கமோ அதற்கும் முன்பே வந்துவிட்டது. அவ்வியக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவரான அந்தோணி நோரிஸ் குரோவ்ஸ் 1833இல் இந்தியா வந்தார். மிஷனரி ரேனியஸிடம் பயின்று குரோவ்ஸின் சீடரான ஜான் கிறிஸ்டியன் அருளப்பன், சம்பளம் வாங்காத உள்நாட்டு ஊழியத்தைக் கிறிஸ்டியான்பேட்டையில் நிறுவினார். 1860இல் அங்கிருந்து கிளம்பிய எழுப்புதலில் அந்நியபாஷை, தரிசனம், தீர்க்கதரிசனம் ஆகியவை வெளிப்பட்டதாகப் பதிவுகள் உள்ளன. பெந்தெகொஸ்தே இயக்கத்தின் பிறப்பிடமாகப் பொதுவாகக் கூறப்படும் 1906ஆம் ஆண்டின் லாஸ் ஏஞ்சல்ஸ் நிகழ்ச்சிகளுக்கு அவை அரை நூற்றாண்டு முந்தியவை. எழுப்புதல் அலை திருவிதாங்கூரிலும் அடித்தது. தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து 1861இல் குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெற்று சி.எம்.எஸ். மிஷனின் குருவான ஜஸ்டஸ் ஜோசப், 1875இல் எழுந்த எழுப்புதலின் கொந்தளிப்பில், கிறிஸ்து 1881இல் வருவார் என்று அறிவித்தார். ஆண்டு கடந்தது, அவரைப் பின்பற்றியோர் யுயோமயம் என்ற தனிச் சபையாகினர். எட்சனைப் பற்றி அவர்கள் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. ஏமாற்றம் சபையாக உறையும் முறை மட்டும் இரு கண்டங்களிலும் ஒத்திருக்கிறது.

நாள் குறிக்காமலே காத்திருப்பை வாழ்க்கை ஒழுங்காக்கியவர்களும் உண்டு. 1920களில் கொழும்பில் தோன்றிய பெந்தெகொஸ்தே மிஷனின் முழுநேர ஊழியர்கள் சொத்தைத் துறந்து, மணம் புரியாமல், விசுவாச வீடு எனப்படும் இல்லங்களில் கூட்டாக வாழ்கிறார்கள். வருகைக்கு ஆயத்தமாவதே அவர்களுடைய போதனையின் மையம். இத்துறவு தேதிகளைவிட நீடித்து நிற்கிறது.

தேதி வியாபாரம்

அண்மைக் காலத்துத் தேதிகளைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. தென்கொரியாவின் தாமி மிஷன் 1992 அக்டோபர் 28ஐக் குறித்தது. அதன் தலைவர் மோசடிக்காகச் சிறை சென்றார், அவர் வாங்கி வைத்திருந்த கடன் பத்திரங்கள் அந்த நாளுக்குப் பின்பே முதிர்வடைவன என்பது தெரியவந்தது. கலிஃபோர்னியாவின் வானொலிப் போதகர் ஹரால்ட் காம்ப்பிங், ஏற்கெனவே 1994ஐச் சுட்டித் தவறியவர், 2011 மே 21 என்று உலகமெங்கும் விளம்பரப் பலகை வைத்தார். பின்னர் அதை அக்டோபர் 21க்குத் தள்ளினார். 2012இல் தாம் செய்தது பாவம் என்று ஒப்புக்கொண்டு, 2013இல் இறந்தார். மில்லரிடம் இருந்த கூச்சம் இவர்களிடம் இல்லை. இன்று யூடியூபில் தமிழில் உலாவும் கடைசிக்காலச் செய்திகளில் பெரும்பாலானவை இஸ்ரேல், போர், அட்டை எண், தடுப்பூசி என்று அடையாளங்களைத் தொகுத்துவிட்டு, ஆண்டு மட்டும் சொல்லாமல் நிறுத்திக்கொள்கின்றன. அந்த அளவுக்குப் பாடம் கற்கப்பட்டிருக்கிறது.

எதிர்காலத்தில் அடிக்கடி அடிபடப்போகும் ஓர் ஆண்டு ஏற்கெனவே தாளில் இருக்கிறது. புவியீர்ப்பு விதியைத் தந்த ஐசக் நியூட்டன் தானியேலையும் வெளிப்படுத்தின விசேஷத்தையும் வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தவர். இன்று எருசலேமிலுள்ள இஸ்ரேல் தேசிய நூலகத்தில் இருக்கும் அவருடைய கையெழுத்துத் தாள்களில், 800ஆம் ஆண்டோடு தீர்க்கதரிசன நாட்கள் 1260ஐ ஆண்டுகளாகக் கூட்டி, 2060க்கு முன் முடிவு வருவதற்குக் காரணம் எதையும் தாம் காணவில்லை என்று குறித்திருக்கிறார். 2003இல் இச்செய்தி நாளிதழ்களில் வெளியானபோது, உலகம் 2060இல் அழியும் என்று நியூட்டன் கணித்தார் என்றே தலைப்பிட்டார்கள். அதே தாளில் அவர் தரும் காரணமோ வேறு: முடிவு எப்போது என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை, அடிக்கடி காலம் குறித்து, குறித்தது பொய்க்கும்போதெல்லாம் வேதத்துக்கு இழுக்குத் தேடித்தருகிறவர்களின் வாயை அடைக்கவே எழுதுகிறேன் என்பது அதன் கருத்து. 1843ஐ எழுதிய மில்லருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே எழுதப்பட்ட தாள் அது. நியூட்டன் அதை அச்சுக்குக் கொடுக்கவில்லை.